சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன செலவு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியேன் படித்தது பி.காம்., பிழைப்பு வங்கி உத்தியோகம். ஓம் விதியைப் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு கைகழுவியவன். வீட்டில் டியூப்லைட் ஸ்டார்ட்டர் மாற்றுவதற்கே தங்கமணி பக்கத்தில் நின்றுகொண்டு "பாத்துங்க, பாத்துங்க" என்று சொல்கிற ரகம். அப்படிப்பட்டவன் கார் பேட்டரியைப் பற்றி ஒரு பதிவு எழுதுகிறேன் என்றால், அதில் ஒரு மனுஷனுடைய வேலை மாட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம்.

நான் இருப்பது நாக்பூரில், வர்தா ரோட்டுப் பக்கம் 24 வீடுகள் கொண்ட ஒரு அப்பார்ட்மெண்டில். எங்கள் வாட்ச்மேனுக்கு அறுபதை ஒட்டிய வயசு, சிந்த்வாடா பக்கத்துக் கிராமத்துக்காரர். எல்லோரும் அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பக்கத்தில் காக்கா என்றால் சித்தப்பா. இங்கே வந்த புதுசில் என் பொண்ணு, "அப்பா, பாவம்ப்பா அந்தத் தாத்தா, கொஞ்சம் கறுப்பா இருந்தா காக்காம்பாங்களா?" என்று கோபப்பட்டாள். விளக்கிச் சொன்ன பிறகும் ஒரு வாரத்துக்கு அவரைப் பார்த்தாலே சிரிப்பு.

காக்காவுக்குச் சம்பளம் ஏஜென்சி மூலமாக வருகிறது. அது போதாது என்று ஒன்பது கார்களைக் கழுவுகிறார். ஒரு காருக்கு மாசம் நானூறு ரூபாய். தினமும் வெளியே மட்டும் துடைப்பார். ஞாயிறும் விடுமுறை நாளும் என்றால் சாவியை வாங்கி உள்ளேயும் பெருக்கி, மேட்டை எடுத்து உதறி, டேஷ்போர்டைத் துடைத்து வைப்பார். சாவி சாயங்காலம் வாட்ச்மேன் அறை ஆணியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடும். இந்த ஏற்பாடு நான் 2022-இல் இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்னாலிருந்தே உண்டு.

என் வண்டி 2014 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், இதில் கம்பெனி மேல் தப்பு இல்லை. பழைய ஓனர் பாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது. நல்ல ஸ்டீரியோ, நாலு கதவிலும் ஸ்பீக்கர், டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். இளையராஜாவைப் போட்டுக்கொண்டு ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில் 38 கிலோமீட்டர் போய் என் கிளையில் ஆணி பிடுங்கிவிட்டு, மறுபடி இளையராஜாவோடு திரும்பி வருவேன். அந்தப் பெட்டியை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை காலை எட்டரை மணி. சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பினோம். நவம்பர் 25 திங்கள், அதே 'டக் டக்'. டிசம்பர் 16 திங்கள், மறுபடியும். மூன்றாவது தடவை கேபிள் கொடுத்தவர் முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை.

இதற்குள் கதை அப்பார்ட்மெண்ட் முழுக்கப் பரவிவிட்டது. நாலாவது மாடிக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காக்கா என் காருக்குள் உட்கார்ந்திருந்ததையும் உள்ளே லைட் எரிந்ததையும் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், "போனை சார்ஜ் போடுகிறான், ரேடியோ கேட்கிறான், வேறென்ன" என்று வாட்ஸப்பில் தீர்ப்பே எழுதிவிட்டார். செக்ரட்டரியின் வாதம் கேட்பதற்குக் கச்சிதமாக இருந்தது. லீவு நாளில்தான் சாவி காக்கா கைக்குப் போகிறது. லீவு முடிந்த மறுநாள்தான் பேட்டரி சாகிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? டிசம்பர் 29 ஞாயிறு மீட்டிங்கில், ஆளை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குக் கடிதம் எழுதுவது என்று அஜெண்டாவிலும் ஏற்றியாகிவிட்டது.

காக்கா என்னிடம் வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். "சாப், ரேடியோவை நான் தொட்டதுகூட இல்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் பெருக்குவேன், அதனால் லைட் எரியும். என் போன் பட்டன் போன். நாலு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும்" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தே காட்டினார். "நீங்க உள்ளே வாங்க காக்கா" என்றேன். வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. கேஷ் குறைந்தால் கேஷியர் முகத்தைப் பார்க்கக்கூடாது, முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். எந்தெந்த நாளில் குறைந்தது, எந்தெந்த நாளில் குறையவில்லை. குறையாத நாள்தான் அதிகம் பேசும். டயரியை எடுத்து எழுதினேன்.

வண்டி செத்த நாட்கள்: நவம்பர் 11, நவம்பர் 25, டிசம்பர் 16. கிளம்பிய திங்கட்கிழமைகள்: நவம்பர் 18, டிசம்பர் 2, டிசம்பர் 9, டிசம்பர் 23. அப்புறம் கிறிஸ்துமஸ் லீவு முடிந்து 26-ஆம் தேதி வியாழன், முக்கி முனகிக் கிளம்பியது.

வங்கிக்காரர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். 2015 செப்டம்பரிலிருந்து எங்களுக்கு மாசத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை விடுமுறை. மற்ற சனிக்கிழமைகளில் முழு நாள் வேலை. நவம்பர் 9 இரண்டாவது சனி, 23 நாலாவது சனி, டிசம்பர் 14 மறுபடி இரண்டாவது சனி. செத்த மூன்று திங்களும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வண்டி நின்ற திங்கள். நவம்பர் 30 ஐந்தாவது சனி, நான் வேலைக்குப் போனேன், டிசம்பர் 2 கிளம்பிவிட்டது. ஆனால் காக்கா எல்லா ஞாயிற்றுக்கிழமையும்தான் உள்ளே பெருக்கினார்!

இதை வாட்ஸப்பில் போட்டேன். செக்ரட்டரி சளைக்கவில்லை. "இரண்டு நாள் லீவு என்றால் சாவி இரண்டு நாளும் அவனிடம்தானே இருக்கிறது?" என்று திருப்பினார். நியாயமான கேள்வி. தேதியை வைத்து சந்தேகப்படலாம், சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு முன்னால் வழக்கமான சந்தேக நபர்களை விசாரித்தாகிவிட்டது. பேட்டரிக் கடையில் முழுக்க சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் செய்தார்கள். மூன்று வயசு ஆனாலும் தாக்குப்பிடித்தது. "எதற்கும் புதுசு போட்டுடுங்க சாப்" என்றார் கடைக்காரர். அவர் கவலை அவருக்கு. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.2 வோல்ட் இருந்தது. 13.8-இலிருந்து 14.4 வரைக்கும் இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வரவு வைக்கிறது என்று அர்த்தம். அதாவது வரவு சரி, பெட்டகம் சரி, இருந்தும் கையிருப்பு குறைகிறது. அப்படியென்றால் கணக்கில் வராத ஒரு செலவு இருக்கிறது.

சிவகாசியில் என் அத்தை மகன் லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறான். போன் போட்டேன்.

"மச்சான், இதுல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை ராத்திரி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிப் போட்டுரு. திங்கக்கிழமை மாட்டிக்க. ஜம்முன்னு கிளம்பும்."

"வண்டி கிளம்பிரும் மாப்ள. காக்கா வேலை போயிருமே."

விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப லீக்கைக் கண்டுபிடிச்சுத்தான் ஆகணும். ஒரு மீட்டர் வாங்கு, நான் சொல்றேன்" என்றான்.

சீதாபர்டி மார்க்கெட்டில் நானூறு சொச்சத்துக்கு ஒரு மஞ்சள் நிற மல்டிமீட்டர் வாங்கினேன். டிசம்பர் 28, நாலாவது சனிக்கிழமை, அதுவும் லீவு. காலை பத்து மணிக்கு பானட்டைத் திறந்தேன். காக்காவை டார்ச் பிடிக்கச் சொன்னேன். அவரில்லாமல் அளந்தால் அது விசாரணை ஆகாது.

மாப்பிள்ளை வீடியோ காலில் வந்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் வோல்ட் பார்ப்பது. கார் பேட்டரியில் ஆறு அறைகள். முழு சார்ஜில், வண்டி சில மணி நேரமாவது சும்மா நின்றபின், 12.6-க்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான் மிச்சம். என்னுடையது 12.46 காட்டியது. முந்தின நாள் இரண்டு மணி நேரம் ஓடி வந்த வண்டிக்கு ஒரே ராத்திரியில் அது கொஞ்சம் குறைவுதான்.

அடுத்தது ஆம்பியர். இங்கேதான் என்னைப் போன்ற காமர்ஸ்காரர்கள் மீட்டரைப் புகைய விடுவார்கள். வோல்ட்டை அளக்கும்போது மீட்டர் வெளியே நின்று எட்டிப் பார்க்கும் ஆடிட்டர் மாதிரி. ஆம்பியர் அளக்கும்போது மீட்டரே கவுண்டரில் உட்கார வேண்டும், எல்லாக் கரண்டும் அதன் வழியாகத்தான் போகும். சிவப்பு வயரை மீட்டரில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்ற வேண்டும், திருகையும் டி.சி. பத்து ஆம்பியரில் வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை மட்டும் கழற்றி, கேபிள் முனைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைக் கொடுக்க வேண்டும். ஏன் நெகட்டிவ்? பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். நெகட்டிவ் என்றால் அது ஏற்கனவே பாடியோடு உறவு உள்ளதுதான், ஒன்றும் ஆகாது.

"மச்சான், மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்துகூட சாவியைத் திருப்பிராத. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். மீட்டர் போயிரும்" என்று மூன்று தடவை சொன்னான். நான் வாங்கிய ரகத்தில் பத்து ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் 'ஃபியூஸ் இல்லை' என்றே அச்சடித்திருந்தது. சாவியைத் தங்கமணியிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னொரு சிக்கல். ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதைத் தொட கதவு திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உள் விளக்கு எரியும், கணக்கு கெட்டுப்போகும். அதற்கு அவன் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கதவின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டுக் கொக்கியை ஸ்குரூடிரைவரால் 'கிளிக்' என்று மூடிவிட்டால், கதவு சாத்தியாகிவிட்டது என்று வண்டி நம்பிவிடும். (திரும்ப நிஜமாகச் சாத்துவதற்கு முன்னால் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு இடித்துப் பூட்டு நெளியும். சில வண்டிகளில் கொக்கிக்குப் பதில் கதவு நிலையில் ஒரு ரப்பர் பொத்தான் இருக்கும், அதை அழுத்தி வைத்தால் போதும்.)

மீட்டரை மாட்டியதும் முதலில் ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டியது. என் முகம் மலர்ந்துவிட்டது. "இரு மச்சான், அவசரப்படாத. வண்டி இன்னும் தூங்கல" என்றான். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளுமாம். அவை அடங்குவதற்குப் பழைய வண்டியில் பத்து இருபது நிமிஷம், புது வண்டிகளில் அரை மணிக்கு மேலும் ஆகலாம். காக்காவும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஊரில் இருக்கும் பேரனைப் பற்றிப் பேசினார். அவன் பள்ளிக்கூட ஃபீஸ் ஜனவரியில் கட்ட வேண்டுமாம். கார் கழுவும் காசு அதற்குத்தான் போகிறது.

இருபது நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் 0.42 ஆம்பியர். அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

நிறுத்தி வைத்த காருக்குக் கொஞ்சம் செலவு இருக்கத்தான் செய்யும். கடிகாரம், ஸ்டீரியோவின் ஞாபகம், என்ஜின் கம்ப்யூட்டர், ரிமோட் பூட்டு எல்லாம் காத்துக் கிடக்கின்றன. அதெல்லாம் சேர்ந்து 0.02-இலிருந்து 0.05 வரைக்கும் போகலாம், அதைத் தாண்டக்கூடாது. இங்கே எட்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. காருக்குள் ஆள் இல்லை, சாவி மாடியில்.

"இப்ப ஒவ்வொரு ஃபியூஸா உருவு. எதை உருவுனா எண்ணு விழுதோ அந்த லைன்ல திருடன்."

உருவினேன். ஒன்று, மீட்டரைப் பார்த்து, திரும்பப் போட்டு, அடுத்தது. காக்கா மீட்டரைப் படித்துச் சொன்னார். "சூன்ய தசம்லவ் சார் தோ" என்று ஹிந்தியில் ஒவ்வொரு தடவையும் அதே நம்பர். ஒரு ஃபியூஸுக்கு மட்டும் 0.41 ஆனது, அது ஸ்டீரியோவின் ஞாபகத்துக்கானது. மற்றபடி பெட்டியே காலியாகும் வரைக்கும் பெரிய மாற்றம் இல்லை. எல்லா ஃபியூஸையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பார்த்தால்கூட 0.40.

எனக்குக் கை கால் உதறல். மறுநாள் மீட்டிங். தடயம் இல்லாமல் 'எங்கேயோ போகிறது' என்று போய் நிற்க முடியாது. மாப்பிள்ளையும் யோசித்தான். ஆல்டர்னேட்டருக்குள் டயோடு கெட்டிருந்தால் இப்படி ஆகும் என்றான், அதன் தடித்த வயரைக் கழற்றிப் பார்க்கலாம் என்றான். சில வண்டியில் ரிலே ஒட்டிக்கொள்ளுமாம், சிலதில் டிக்கி விளக்கு அணையாமல் உள்ளேயே எரிந்துகொண்டிருக்குமாம், யாருக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் எனக்கு என் தொழில் கை கொடுத்தது. எல்லா லெட்ஜரும் டேலி ஆகிறது, பணம் மட்டும் போகிறது என்றால், லெட்ஜரில் இல்லாத ஒரு கணக்கு எங்கேயோ இருக்கிறது. ஃபியூஸ் பெட்டி கம்பெனி எழுதிய லெட்ஜர். அதில் ஏறாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகிற வயர் ஏதாவது இருக்கிறதா?

"காக்கா, டார்ச்சை இப்படிக் காட்டுங்க."

அவர்தான் முதலில் பார்த்தார். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில், கம்பெனி கேபிளுக்கு அடியில் ஒளிந்த மாதிரி ஒரு தடிமனான சிவப்பு வயர். ஒரு ஜாண் தள்ளி கண்ணாடி மூடி போட்ட ஒரு ஃபியூஸ். அங்கிருந்து என்ஜின் சுவரில் ஒரு ரப்பர் ஓட்டை வழியாக உள்ளே போய், கார்ப்பெட்டுக்கு அடியில் நடந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே... என் இளையராஜாப் பெட்டி!

மற்ற ஃபியூஸ்களை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் உருவினேன். மீட்டரில் 0.02.

போட்டால் 0.42. உருவினால் 0.02. நாலு தடவை செய்து பார்த்தேன். காக்கா ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்ததில் மிச்சமும் விளங்கியது. ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று வயர் முக்கியம். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர், பாடிக்குப் போகும் எர்த், அப்புறம் 'ரிமோட்' என்று ஒரு மெல்லிய வயர். ஸ்டீரியோவைப் போட்டால் அந்த ரிமோட் வயர் 'எழுந்திரு' என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும், அணைத்தால் 'படு' என்று சொல்லும். அதை ஸ்டீரியோவின் நீல வயரோடு இணைக்க வேண்டும். இங்கே யாரோ ஒரு புண்ணியவான் அவ்வளவு தூரம் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பேட்டரி வயர் முனையிலிருந்து ரிமோட் முனைக்கு இரண்டு அங்குல வயர் ஒன்றைப் போட்டுக் கட்டிவிட்டான். பாட்டு நன்றாகத்தான் கேட்கும். ஆனால் பெட்டிக்குத் தூக்கமே கிடையாது. டிசம்பர் குளிரில் காரே சில்லென்று கிடக்க, அந்தப் பெட்டி மட்டும் கைக்கு இதமாக வெதுவெதுப்பாக இருந்தது.

அப்புறம் கணக்கு. இது என் ஏரியா. பேட்டரி 35 ஆம்பியர்-அவர். வெள்ளி சாயங்காலம் ஏழரைக்கு நிறுத்தி, திங்கள் காலை எட்டரைக்கு எடுத்தால் 61 மணி நேரம். 61 பெருக்கல் 0.42 என்றால் 25.6. முழுசாக இருந்தாலே மிச்சம் பத்துக்கும் குறைவு. சனி சாயங்காலம் நிறுத்தினால் 37 மணி நேரம், செலவு 15.5, மிச்சம் பாதிக்கு மேல். கிறிஸ்துமஸுக்கும் அதே 37 மணி நேரம்தான். சாகிற நாளும் கிளம்புகிற நாளும் அச்சு அசலாக என் டயரியோடு பொருந்தின.

காக்கா மேல் சொன்ன குற்றச்சாட்டையும் அதே தாளில் போட்டுப் பார்த்தேன். உள் விளக்கு பத்து வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கால் மணி நேரம் எரிந்தால் 0.2 ஆம்பியர்-அவர். ஒரு ஆள் நிஜமாகவே காரில் இரண்டு மணி நேரம் போன் சார்ஜ் போட்டிருந்தால்கூட இரண்டு ஆம்பியர்-அவரைத் தாண்டாது. 25 ஆம்பியர்-அவரைத் தின்ன வேண்டும் என்றால் ஹெட்லைட்டை இரண்டே முக்கால் மணி நேரம் எரியவிட வேண்டும். அதை நாலாவது மாடிக்காரர் பார்க்காமல் இருந்திருப்பாரா என்ன :-)

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. வண்டி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதே, அதுவரைக்கும் ஏன் சாகவில்லை? வயர் அன்றைக்கும் அதே வயர்தான். ஆனால் பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கும் வரைக்கும் சனி, ஞாயிறு என்று பார்க்காமல் கோச்சிங் வகுப்புக்குக் கொண்டு விட்டுக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். 2024 ஆகஸ்டில் அவள் கோயமுத்தூர் காலேஜுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு லீவு நாளில் எனக்கும் தங்கமணிக்கும் காரை எடுத்துக்கொண்டு போக ஒரு இடமும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம் முனகிப் பார்த்தது. நவம்பரில் குளிர் ஆரம்பித்ததும் முடியவில்லை. குளிரில் பேட்டரியின் சக்தியும் குறையும், என்ஜின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு வேலை கூடும். தங்கமணியிடம் இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "அவ இருந்தவரைக்கும் நமக்கு எதுவும் தெரியலங்க" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நான் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. காரைப் பூட்டி, சாவியைச் செக்ரட்டரி கையில் கொடுத்து, எல்லோரையும் பார்க்கிங்குக்குக் கூட்டிப் போனேன். மீட்டரை மாட்டினேன். 0.42. "யார் உள்ளே உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார்கள், சொல்லுங்கள்" என்றேன். ஃபியூஸை உருவினேன், 0.02. மின்வாரியத்தில் ரிட்டயரான பெரியவர் ஒருவர் கண்ணாடியை மேலேற்றிக் குனிந்து பார்த்து, "இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது" என்று மராத்தியில் சொன்னார். அஜெண்டாவிலிருந்து அந்த ஐட்டம் போயிற்று. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் பயன்படுத்தவில்லை. அதற்குப் பதில், 'இனிமேல் யாரும் கார் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கக்கூடாது, பின்னால் பிரச்சினை வேண்டாம்' என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் எதிர்த்தோம். தோற்றோம்.

திங்கட்கிழமை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இரண்டு அங்குல வயரை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்டீரியோவின் நீல வயரிலிருந்து ஒழுங்காக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். கூலி 250 ரூபாய். ஜனவரி 11 இரண்டாவது சனி. 13-ஆம் தேதி திங்கள் காலை பேட்டரியில் 12.58 வோல்ட், தொட்டவுடன் கிளம்பியது. புது பேட்டரி வாங்கவில்லை. ஒரு வார்த்தை, புது மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் நான் செய்ததை அப்படியே செய்ய வேண்டாம். அவற்றில் பேட்டரியைக் கழற்றினால் சில சமாசாரங்களை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். ஃபியூஸை உருவாமலே அதன் இரண்டு முனைகளிலும் மில்லிவோல்ட் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது, தெரிந்தவரிடம் விடுங்கள்.

காக்கா வேலையில்தான் இருக்கிறார். ஆனால் உள்ளே பெருக்கும் வேலை நின்றுவிட்டதால் ஒரு காருக்கு நானூறு என்பதை எல்லோரும் முந்நூறு ஆக்கிவிட்டார்கள். ஒன்பது கார், மாசம் தொள்ளாயிரம் ரூபாய். நான் நானூறுதான் கொடுக்கிறேன். அந்த நூறை வாங்கிக்கொள்ளவே அவர் யோசிக்கிறார், வேலை செய்யாத காசாம். தீர்மானத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள், என் வண்டிக்குச் சாவி தருகிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"வேண்டாம் சாப். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். கண்ணாடியை மட்டும் வெளிப்பக்கம் பளபளவென்று துடைத்து வைக்கிறார். உள்ளே தூசிதான்.